காது கேக்காதவனுக்கு எதுக்கு போன்?

டிக்கெட் எடுத்துட்டீங்க இல்ல, தம்பி? சும்மா கேட்டேன். காட்ட வேணாம், உள்ள வையுங்க. பழக்கம், அவ்வளவுதான். ரயில்வேல டிக்கெட் செக்கிங்ல இருந்து ரிடையரானவன் நான். பேரு கோதண்டம். ஜோலார்பேட்டை வரைக்கும் போறேன், கூட வேலை பாத்தவரு பேத்திக்குக் கல்யாணம். வண்டியில ஏறி உக்காந்தா இன்னும் கை தானா சட்டைப்பையில பேனாவைத் தேடுது.

மடியில வச்சிருக்கீங்களே கம்ப்யூட்டர், அதுல இப்ப யார்கூடயாவது பேசிட்டிருக்கீங்களா? ஒயரே இல்லாம? ஓடுற வண்டியில? சரி சரி. தப்பா நினைக்காதீங்க. உங்களைச் சொல்லல. எனக்கு அந்தப் பொட்டி மேலயே ஒரு சந்தேகம் உண்டு. அதை வச்சு என் வீட்டுக்குள்ளயே, என் தலைக்கு மேலயே, என்னை ஒருத்தன் ஒரு வருஷம் ஏமாத்தினான். இன்னும் அரக்கோணமே வரல. சொல்றேன், கேளுங்க.

எங்க வீடு பெரம்பூர்ல. கீழ நாங்க, மாடியில ஒரு ரூமும் சமையல்கட்டும். ரிடையரான புதுசுல அதை வாடகைக்கு விட்டேன். அப்ப குண்டுவெடிப்பு, கொலைன்னு ஊரே பயந்துகிட்டு இருந்த காலம். குடிவர்றவன் யாரு, எங்கேருந்து வர்றான்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும். நான் பத்துப் பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். ஒருத்தன் ரொம்பச் சிரிச்சான். ஒருத்தன் சிரிக்கவே இல்ல. அப்புறம்தான் இவன் வந்தான். இஸ்ரவேல்னு பேரு. பேரைக் கேட்டதுமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்தான், அவங்க வேதத்துல இருக்கிற பேராம். அச்சாபீஸ்ல கம்ப்யூட்டர்ல எழுத்து கோக்கிற வேலை. காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல் வந்து போயிடுச்சாம். பேசுவான், ஆனா குரல் ஏற்ற இறக்கம் இல்லாம ஒரே தட்டா வரும். நாம பேசினா உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவான்.

என் சம்சாரம் வேதவல்லி, "பாவம்ங்க, அமைதியான பையனா இருக்கான்"னா. செவிடன்தானே, தொந்தரவு இருக்காதுன்னு நானும் சரின்னுட்டேன்.

சாமான் ஏத்தும்போது பாக்குறேன், கட்டில் இல்ல, பீரோ இல்ல. பெரிய பெரிய அட்டைப்பெட்டி. உள்ள கம்ப்யூட்டர். அன்னைக்குச் சாயங்காலமே கீழ வந்து நிக்கிறான். கையில ஒரு துண்டுச் சீட்டு. 'உங்க போன் லைன்லேருந்து மாடிக்கு ஒரு ஒயர் இழுத்துக்கலாமா சார்? பில்லுல பாதி நான் குடுத்துடுறேன்'னு எழுதியிருக்கு.

தம்பி, நீங்களே சொல்லுங்க. காது கேக்காதவனுக்கு எதுக்கு போன்?

நான் அதையே கேட்டேன். அவன் சிரிச்சான். "எனக்கு இல்ல சார். கம்ப்யூட்டருக்கு"ன்னான்.

பாத்தீங்களா? என் சர்வீஸ்ல செவிடன் மாதிரி நடிச்சவங்க எத்தனை பேரைப் பாத்திருப்பேன்! டிக்கெட்டுன்னு கேட்டா காதைக் காட்டித் தலையை ஆட்டுவான். நான் பேசாம நகந்து போயி, பின்னாலேருந்து "யாரோட பர்ஸ் இது, கீழ கிடக்கு?"ன்னு கேப்பேன். மொதல்ல திரும்புறவன் அவன்தான். அதனால இவனையும் சோதிச்சுப் பாக்கணும்னு முடிவு பண்ணேன். ஒருநாள் மாடியில குனிஞ்சு ஏதோ திருகிட்டிருந்தான். நான் பூனை மாதிரி ஏறிப் போயி, அவன் முதுகுக்குப் பின்னால ஒரு பித்தளைக் குடத்தை நங்குன்னு கீழ போட்டேன். சடக்குனு திரும்பிட்டான்!

"என்ன சார், காலெல்லாம் அதிருது"ன்னு கேக்குறான். கால் அதிருதாம். மனசுல வச்சுக்கிட்டேன்.

ஒயர் இழுக்க விட்டேனான்னு கேக்குறீங்க. விட்டேன். ஏன் விட்டேன்? கண்ணு முன்னால நடந்தாதானே கண்காணிக்க முடியும்? கீழ என் போன், மாடியில அவன் ஒயர், லைன் ஒண்ணுதான். அவன் என்ன பேசினாலும் நான் ரிசீவரை எடுத்தா கேக்கலாம். அதுதான் என் கணக்கு. கீழ இருக்கிற போனுக்கு எப்பவும் பூட்டுப் போட்டுத்தான் வச்சிருப்பேன், டயல் பண்ண முடியாது. சாவி என் அரைஞாண்ல. அது வேற விஷயத்துக்காகப் போட்ட பூட்டு.

வேற விஷயம்னா... என் பொண்ணு விஷயம். பூங்கோதைன்னு பேரு. ஒரே பொண்ணு. கம்ப்யூட்டர் படிப்பு படிச்சா, நான்தான் படிக்க வச்சேன். ரயில்வேயிலயே நல்ல வேலையில இருந்த ஒரு பையனைப் பேசி முடிச்சேன். அவ, கல்யாணம் இப்ப வேணாம், பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டா. ஸ்டேஷன் வரைக்கும் அவ அம்மா போனா. நான் போகல. போயிச் சேந்ததும் போன் பண்ணா. "அப்பா"ன்னா. நான் "ராங் நம்பர்"னு வச்சுட்டேன். அன்னைக்கே பூட்டை வாங்கிட்டேன். லெட்டர் வரும், நான்தான் வாங்குவேன், அப்படியே திருப்பி அனுப்பிடுவேன். தெருமுனையில இருந்த எஸ்.டி.டி. பூத்காரன் நம்ம ஆளு, எங்க வீட்டு மனுஷி வந்து பெங்களூருக்குப் பேசினா வந்து சொல்லிடுவான். ஒரு கண்டிப்பு வேணும் இல்ல? ரெண்டு மாசத்துல தானா வழிக்கு வந்துடுவான்னு நினைச்சேன். அதை விடுங்க, அது வேற கதை. நான் இஸ்ரவேல் கதையில்ல சொல்லிட்டிருக்கேன்.

மொதத் தடவை ரிசீவரை எடுத்துக் கேட்டேன். மனுஷக் குரலே இல்ல. கீ...ன்னு ஒரு கூச்சல். அப்புறம் கர்ருபுர்ருன்னு, அடைமழை ஓட்டு மேல பெய்யிற மாதிரி ஒரு இரைச்சல். நான் காதுல வச்சதும் கொஞ்ச நேரத்துல டொக்குனு நின்னுபோச்சு. நிப்பாட்டிட்டாங்க! யாரோ ஒட்டுக் கேக்குறான்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சுக்கிட்டு நிப்பாட்டிட்டாங்க! மறுநாளும் எடுத்தேன். அதே கூச்சல், அதே மாதிரி டொக்கு. நான் எப்ப எடுத்தாலும் அறுந்துபோச்சு. குத்தம் இல்லாதவன் எதுக்குத் தம்பி அறுக்கணும்?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் வயசுல சின்னவர். "பெரியவரே, சங்கேத பாஷையா? நல்லாக் கேட்டீங்களா?"ன்னார். ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கிட்டு அவரே வந்தார். எனக்கு ஒரு நிம்மதி.

இஸ்ரவேல் பயப்படவே இல்ல. அதுவே எனக்குச் சந்தேகம். கம்ப்யூட்டர் பக்கத்துல சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு, மேல சின்னச் சின்னச் சிவப்பு லைட்டு. மோடமாம். போன் ஒயர் அதுக்குள்ள போகுது. எப்படி வேலை செய்யுதுன்னு அவன் காகிதத்துல எழுதிக் குடுக்க, எஸ்.ஐ. சத்தமா படிச்சார். "மொதல்ல இது போன் பண்ணிக் கூப்பிடும். அந்தப் பக்கம் இன்னொரு மோடம் எடுக்கும். ரெண்டும் கைகுலுக்கிக்கிற மாதிரி, எந்த வேகத்துல பேசலாம்னு ஒத்துக்கும். அந்தப் பக்கம் மெதுவான மிஷினா இருந்தா, வேகமா இருக்கிறது தன்னைக் குறைச்சுக்கும். அப்புறம் விஷயத்தைத் துண்டு துண்டா அனுப்பும். ஒவ்வொரு துண்டும் சரியா வந்துச்சுன்னு அங்கேருந்து பதில் வந்தாதான் அடுத்த துண்டு போகும். சிதைஞ்சு போயிருந்தா மறுபடியும் அதே துண்டை அனுப்பும்."

கான்ஸ்டபிள் "அடேயப்பா"ன்னார்.

எனக்கு ஒரே சிரிப்பு. ஒவ்வொரு பேச்சுக்கும் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்கிட்டு, எவனாவது அப்படிப் பேசுவானா? நான் வீட்ல ஒண்ணு சொன்னா சொன்னதுதான். கேட்டுச்சா, புரிஞ்சுதான்னு முப்பது வருஷத்துல ஒரு தடவை நான் வேதவல்லியைக் கேட்டதில்ல. குடும்பம் நடக்கலையா?

அவன் டயல் பண்ணிக் காட்டினான். கூச்சல் போட்டுச்சு, லைட்டெல்லாம் துடிச்சுது, அப்புறம் கறுப்புத் திரையில பச்சை எழுத்தா ஓடுச்சு. ராயப்பேட்டையில ஹபீபுல்லான்னு ஒரு பேங்க் ஆபீசர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் எல்லாருக்கும் பொது அறிவிப்புப் பலகை மாதிரியாம். ஆளாளுக்கு அங்க போன் போட்டு எழுதிப் போடுவாங்களாம், மத்தவங்க வந்து படிப்பாங்களாம், வெளியூருக்குக் கடுதாசி போட்டாக் கூட அங்கேருந்து போயிடுமாம். இஸ்ரவேல் 'வணக்கம்'னு இங்கிலீஷ் எழுத்துல தட்டினான். அந்தப் பக்கத்துலேருந்து, 'வாய்யா, என்ன இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டே?'ன்னு எழுத்து வந்துச்சு. கான்ஸ்டபிள் கைகொட்டினார்.

எஸ்.ஐ. கீழ இறங்கும்போது என் தோள்ல தட்டி, "பெரியவரே, காது கேக்காத பையன் நாலு பேர்கூடப் பேசுறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான். நீங்க ரிசீவரை எடுக்குறதாலதான் அறுந்துபோகுதாம். எடுக்காதீங்க"ன்னுட்டுப் போயிட்டார்.

என்கிட்டயே! எனக்குப் புத்தி சொல்ற வயசா அவருக்கு? அவரையும் மயக்கிட்டான்னு புரிஞ்சுபோச்சு. நான் எடுக்கிறதை நிறுத்தல. இன்னும் அதிகமாத்தான் எடுத்தேன்.

அதுக்கப்புறம்தான் விஷயமே. வேதவல்லி மாடிக்குப் போக ஆரம்பிச்சா.

மொதல்ல குழம்பு குடுக்கப் போனா. அப்புறம் கிண்ணத்தைத் திருப்பி வாங்கப் போனா. அப்புறம் வத்தல் காயப்போட. மழை நாள்ல என்ன வத்தல்? மத்தியானம் நான் கண்ணசர்ற நேரமாப் பாத்துப் போவா. ஒருநாள் மேலேருந்து சிரிப்புச் சத்தம். வேதவல்லி சிரிக்கிறா! பொண்ணு போனதுலேருந்து அந்த வீட்ல யாரும் சிரிச்சதில்ல. நான் எழுந்து உக்காந்துட்டேன். காது கேக்காதவன்கிட்ட என்ன சொல்லிச் சிரிக்க முடியும்?

அவ இறங்கி வந்ததும் கேட்டேன். "என்ன அங்க வேலை?"

"டைப் அடிச்சுப் பாத்தேங்க. இன்னும் கை மறக்கல"ன்னா.

கல்யாணத்துக்கு முன்னாடி அவ டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவ. ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டாங்க, நான்தான் வேணாம்னு சொன்னேன். அது அவளுக்கு இத்தனை வருஷம் கழிச்சு ஞாபகம் வருதுன்னா, அதுல என்ன உள்நோக்கம் இருக்கும்?

வரவர அவ போக்கே மாறிப்போச்சு. வெங்காயம் நறுக்கிட்டே தனக்குள்ள சிரிச்சுக்குவா. புதுசா ஒரு ரசம் வச்சா, யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா இன்னொரு கரண்டி ஊத்துறா. ஒருநாள், "பெங்களூர்ல இப்ப நல்ல குளிராம்"னா. "யார் சொன்னா?"ன்னேன். "ரேடியோவுல"ன்னா. வீட்ல ரேடியோ ரிப்பேராகிக் கிடந்துச்சு, தம்பி.

ஆமா, இப்ப நீங்க நினைக்கிறது சரிதான். என் பொண்ணுகூடத்தான் பேசிட்டிருந்திருக்கா. அவ ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர். இவ இங்க டைப் அடிக்க, அது ராயப்பேட்டை போயி, அங்கேருந்து பெங்களூர் போயி, அங்கேருந்து பதில். என் வீட்டுப் போன்ல, என் பூட்டையும் மீறி, அம்மாவும் பொண்ணும் ஒரு வருஷம் பேசியிருக்காங்க. நான் ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு அந்தக் கர்ருபுர்ரைக் கேட்டுக்கிட்டே நின்னிருக்கேன். ஆனா அப்ப எனக்கு அது தெரியாது. அப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம், என் பொண்டாட்டி தினம் மாடிக்குப் போறா, சிரிச்ச முகமா இறங்கி வர்றா. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

சத்தம் போட்டா அக்கம்பக்கம் கேக்கும். அதனால யோசிச்சு ஒரு காரியம் பண்ணேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டியிலதான் ஒயர் ரெண்டாப் பிரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மாடிக்குப் போற ஒயரை மட்டும் கழட்டிவிட்டுட்டேன். எனக்கு போன் வேலை செய்யும், அவனுக்குச் செய்யாது.

சாயங்காலம் அவன் வந்து நின்னான். "லைன் செத்துப்போச்சு சார்"ன்னான். "ஆமாப்பா, டெலிபோன் ஆபீஸ்ல சொல்லியிருக்கேன், வருவாங்க"ன்னு உதட்டை நல்லா அசைச்சுச் சொன்னேன். நம்பிட்டான். தினம் காலையில வேலைக்குப் போகும்போது என் முகத்தைப் பாப்பான். நான் கையை விரிப்பேன். வேதவல்லியும் கேட்டா, "டெலிபோன் ஆள் வரலையா?" எதுக்கு இவளுக்கு இந்த அக்கறை? அவ முகம் வாடிப்போச்சு. சோறு இறங்கல. எனக்கு அது போதும், என் சந்தேகம் ஊர்ஜிதமாயிடுச்சு.

இப்படியே கொஞ்ச நாள் போச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவுறேன், வாசல்ல ஸ்கூட்டர் வந்து நிக்குது. குறுந்தாடி வச்ச ஒரு ஆளு. "இஸ்ரவேல் வீடு இதுதானுங்களா? நான் ஹபீபுல்லா"ன்னார். அந்தப் பேங்க் ஆபீசர்.

இஸ்ரவேல் குழாயடியில துணி துவைச்சுக்கிட்டு இருந்தான், முதுகு இந்தப் பக்கம். ஹபீபுல்லா, "என்னய்யா, உயிரோடதான் இருக்கியா? ஆளையே காணோமே! லைனுக்கு என்ன ஆச்சு?"ன்னு கூப்பிட்டுக்கிட்டே போறார். அவன் துவைச்சுக்கிட்டே இருக்கான். மறுபடி கூப்பிட்டார். அப்புறம் தோளைத் தொட்டார். திரும்பினான். யாருன்னு தெரியாம முழிச்சான். வேதவல்லி ஓடிப் போயி, "ஹ-பீ-புல்-லா"ன்னு உதட்டை அசைச்சுச் சொன்னா. அவன் ஈரக் கையோடவே அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

ஹபீபுல்லா அப்படியே நின்னுட்டார். "உனக்குக் காது கேக்காதா?"ன்னார். என் பக்கம் திரும்பி, "ஒரு வருஷமா தினம் பேசுறோம் சார். அரசியல் பேசுவோம், கிரிக்கெட் பேசுவோம், சண்டை போட்டிருக்கோம். எனக்குத் தெரியவே தெரியாதே! இவன் சொல்லவே இல்லையே!"ன்னார். கண்ணு கலங்கிப்போச்சு அவருக்கு.

கேட்டீங்களா? ஒரு வருஷம்! சிநேகிதன்கிட்டயே ஒரு வருஷம் மறைச்சிருக்கான்! இப்படிப்பட்டவனை நான் சந்தேகப்பட்டது தப்பா?

இஸ்ரவேல், "சொல்ல வேண்டிய தேவை வரல அண்ணே"ன்னான், அந்த ஒரே தட்டுக் குரல்ல.

ஹபீபுல்லா சட்டைப்பையிலேருந்து ஒரு பிளாப்பியை எடுத்தார். "உனக்கு வந்த மெயிலெல்லாம் சேந்து கிடக்கு. பெங்களூர்லேருந்து ஒண்ணு, தலைப்புலயே அம்மாவுக்கு அவசரம்னு போட்டிருந்துச்சு. நான் உள்ள படிக்கல. மனசு கேக்கல, விலாசத்தை விசாரிச்சுக் கொண்டாந்துட்டேன்"ன்னார்.

மூணு பேரும் மாடிக்கு ஓடினாங்க. நான் கீழயே நின்னேன். என்னை யாரும் கூப்பிடல. கொஞ்ச நேரத்துல வேதவல்லி இறங்கி வந்தா. உள்ள போயி, உடுத்தியிருந்த புடவையோடவே செருப்பை மாட்டிக்கிட்டு, பூஜை அறையிலேருந்து குங்குமத்தை ஒரு காகிதத்துல மடிச்சு எடுத்துக்கிட்டு வெளிய வந்தா. இஸ்ரவேல் அவனோட மொபெட்டை உதைச்சுக்கிட்டு இருக்கான். பின்னால ஏறி உக்காந்துட்டா. என் பொண்டாட்டி! ஸ்கூட்டர்லகூட ஏற மாட்டா, பயம்!

"எங்கடி போறே?"ன்னேன்.

"ஏர்போர்ட்டுக்கு"ன்னா. வண்டி தெரு திரும்பிடுச்சு.

ஏர்போர்ட்டு! செவிடனும் அவளும் ஏர்போர்ட்டுக்கு எதுக்குப் போகணும்? ஹபீபுல்லா ஏதோ சொல்ல வந்தார், நான் காதுல வாங்கல. சட்டையை மாட்டிக்கிட்டு ஆட்டோ பிடிச்சேன். "மீனம்பாக்கம். அந்த மொபெட்டைப் பிடிக்கணும்"ன்னேன். ஆட்டோக்காரன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். வழியெல்லாம் என்னென்னமோ ஓடுது மனசுல. முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனையெல்லாம் பிடிச்சவன், சொந்த வீட்ல கோட்டை விட்டுட்டேனே. கிண்டி வரைக்கும் வரிசையா சிக்னல். மொபெட்டைக் கண்ணுலயே காணோம்.

அங்க போயி இறங்கினா, மொபெட்டு ஓரமா நிக்குது, பக்கத்துல இஸ்ரவேல். போனதும் சட்டையைப் பிடிச்சுட்டேன். "எங்கடா என் பொண்டாட்டி?"

அவன் கோபப்படல. என் உதட்டையே பாத்தான். அப்புறம் கையை நீட்டிக் காட்டினான். "அம்மா உள்ள. பொண்ணு சிங்கப்பூர் போகுது. ரெண்டு வருஷம் வராது"ன்னான்.

யார் பொண்ணுன்னு எனக்கு உடனே புரியல. உண்மையா சொல்றேன். புரிய கொஞ்ச நேரமாச்சு.

கண்ணாடிக்கிட்ட போனேன். உள்ள போகணும்னா பார்வையாளர் டிக்கெட் வாங்கணுமாம். வரிசை நீளமா இருந்துச்சு. நான் வாங்கல. நான் எதுக்குத் தம்பி டிக்கெட் வாங்கி என் பொண்ணைப் பாக்கணும்? கண்ணாடி வழியாவே பாத்தேன்.

உள்ள கூட்டத்துல, மொதல்ல வேதவல்லி தெரிஞ்சா. அப்புறம் அவ எதிர்ல பூங்கோதை. முடியைக் குட்டையா வெட்டியிருந்தா. இளைச்சிருந்தா. ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. சும்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வருஷம் பூரா டைப் அடிச்சுப் பேசினவங்களுக்கு நேர்ல வாயே வரல. வேதவல்லி காகிதத்தைப் பிரிச்சு அவ நெத்தியில குங்குமத்தை வச்சா. கொஞ்சம் மூக்கு மேல உதிர்ந்துச்சு. ஊதிவிட்டா. அப்புறம் ஒரு ஆபீசர் வந்து நேரமாச்சுன்னு சொன்னார் போல, பூங்கோதை பெட்டியை எடுத்துக்கிட்டு நடந்தா.

போலீஸ்காரன் நிக்கிற வாசல்கிட்ட போயி, ஒரு தடவை திரும்பினா. அவ அம்மாவைப் பாக்கல. நேரா இந்தப் பக்கம், கண்ணாடிப் பக்கம் பாத்தா. பாத்து, கையை இப்படி மேல தூக்கி ஆட்டினா.

யாருக்குக் கை காட்டுறான்னு எனக்குச் சட்டுனு ஒரு சந்தேகம். கூட வேலை பாக்குறவன் எவனாவது இருப்பான், வழியனுப்ப வந்திருப்பான். யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு பின்னால திரும்பிப் பாத்தேன்.

பின்னால யாரும் இல்ல தம்பி. சுவரு. ஒரு தண்ணித் தொட்டி.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள அவ உள்ள போயிட்டா.

வேதவல்லி வெளிய வந்தா. என்னைப் பாத்ததும் அவ ஆச்சரியப்படல. "பாத்தீங்களா?"ன்னா.

"யாரை?"ன்னேன்.

அவ இஸ்ரவேல்கிட்ட போயி, அவன் சட்டையில நான் கசக்கினதைக் கையால நீவிவிட்டா. "நீ போப்பா, நாங்க பஸ்ல வந்துடுறோம்"ன்னா. வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழ பெட்டியைத் திறந்து, தொங்கிக்கிட்டிருந்த ஒயரைப் பாத்தா. ஸ்க்ரூ டிரைவரை எங்கேன்னுகூட என்னைக் கேக்கல, கத்தி முனையால அவளே மாட்டிட்டா. அப்புறம் என் முன்னால வந்து கையை நீட்டினா. சாவியைக் குடுத்துட்டேன். ஏன் குடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

இஸ்ரவேல் அடுத்த வருஷம் காலி பண்ணிட்டான். புரசவாக்கத்துல சொந்தமா எழுத்து கோக்கிற கடை போட்டான். வேதவல்லி அங்க டைப் அடிக்கப் போறேன்னா. நான் வேணாம்னு சொன்னேன். கேக்காத மாதிரியே கிளம்பிப் போயிட்டா. செவிடன்கூடப் பழகினா அப்படித்தானே ஆகும்? கண்ணு மங்குற வரைக்கும் போயிட்டுத்தான் இருந்தா. ஆனா ஒண்ணு தம்பி, அவனுக்கு நெஜமாவே காது கேக்காதான்னு எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியல. குடம் விழுந்தப்ப திரும்பினானே!

பூங்கோதையா? நல்லா இருக்கா. ரெண்டு வருஷம்னு போனவ, அங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டா. லீவுக்கு லீவு வர்றா. "சௌக்கியமாப்பா?"ன்னு கேப்பா. நானும் சௌக்கியம்னு சொல்லுவேன். எனக்குன்னு சட்டைத் துணி வாங்கிட்டு வருவா. அளவு சரியா இருக்கும், எப்படித் தெரியும்னு தெரியல. அம்மாகிட்ட கேட்டிருப்பா.

ஏர்போர்ட்ல அன்னைக்கு யாருக்கும்மா கை காட்டினேன்னு அவகிட்ட கேக்கலையான்னா... இல்ல. இத்தனை தடவை வந்துட்டுப் போயிட்டா, பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சிருக்கோம். கேக்கலாம். கேட்டா ஒளிக்காம சொல்லிடுவா, அவ சுபாவம் அப்படி.

அதனாலதான் கேக்கல.